முலாம் பட்டறைத் தண்ணீருக்கு வெயில் காட்டிய கோடை

கடைக்குள் நுழைந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வலது உள்ளங்கையை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். மாவில் துழாவிய கை மாதிரி அது வெளுத்திருந்தது.

"இன்னா பாக்கறீங்க? உங்க கடை பெயிண்டுதான் இது. வாசக் கேட்டைத் தொட்டா கையோட வந்துடுது. அடிச்சு ஒரு வருஷம்கூட ஆவல."

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கடைவீதியில் எங்களுடையது பெயிண்ட் கடை. கேரளத்திலிருந்து சாக்கில் வரும் டைட்டானியம் வெள்ளைப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, கேட்ட நிறத்தைச் சேர்த்துக் கொடுப்பார் அப்பா. எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்கள் ஊர்க் கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாலையில் கல்லூரி விட்டதும் கடையில் வந்து உட்காருவது வழக்கம். அன்றும் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் சரக்கைக் குறை சொன்னால் அவரால் தாங்க முடியாது. "வாங்க, போய்ப் பாத்துடலாம்" என்று அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டார். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. கூடவே போனேன்.

நீல நிற இரும்புக் கேட். இரண்டு கதவுகள். ஒன்று காலையிலிருந்து மாலைவரை வெயிலில் நின்றது. மற்றொன்றின் மேல் ஒரு புங்கமரம் முழுவதுமாகக் கவிந்திருந்தது. வெயில் பக்கத்துக் கதவில் நீலம் செத்து, சாம்பல் பூத்தாற்போல் வெள்ளை படிந்திருந்தது. நிழல் பக்கத்துக் கதவில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு பளபளப்பு.

"எண்ணெயில கலப்படம் பண்ணிட்டாங்கம்மா" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

"ரெண்டு கதவும் ஒரே டப்பாதானேப்பா? எண்ணெய் கெட்டிருந்தா ரெண்டும்தானே போயிருக்கணும்?"

நான் வெயில் பக்கத்துப் பொடியைக் கொஞ்சம் சுரண்டி ஒரு தாளில் மடித்துக்கொண்டேன். எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்வி வீடு வரும்வரை என்னை விடவில்லை. பொடி இருக்கிறது, பிடித்துக்கொண்டிருந்த எண்ணெய் மட்டும் இல்லை. யாரோ அதைத் தின்றிருக்கிறார்கள்.

மறுநாள் கல்லூரி நூலகத்தில் தேடினேன். வண்ணப் பூச்சுகள் பற்றிய ஒரு பழைய புத்தகத்தில் விஷயம் இருந்தது. சில வெள்ளைப் பொடிகள் வெயில் பட்டதும் தம்மைச் சுற்றியிருக்கும் எண்ணெயைக் காற்றோடு சேர்த்து மெல்ல எரித்துவிடுகின்றனவாம். பொடி தான் தேய்வதில்லை, அழிவதில்லை. எரிக்கிற வேலையை மட்டும் செய்துகொண்டே இருக்கும். பெயிண்ட் தயாரிப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி என்றும் அதை எப்படித் தடுப்பது என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நான் அலமாரியருகில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்தபோது எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. வேறு எதையெல்லாம் இது தின்னும் என்றுதான் தோன்றியது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், சந்து முடியும் இடத்தில் ஒரு முலாம் பட்டறை. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கால்பந்துக் குழு, தெருவுக்கு ஒரு ஹாக்கிக் குழு. அத்தனை பேருக்கும் கோப்பை வேண்டும். தேவாலய பேண்ட்காரர்களின் ஊதுகுழல்களும் அங்கேதான் பளபளப்பு ஏற வரும். பட்டறைக்காரரின் தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகன் ஷாஃப்டில் இறங்க மாட்டேன் என்று சொல்லி இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவர். பித்தளைக் கோப்பையை வெள்ளியும் சைனைடும் கரைந்த தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால் வெள்ளி ஏறும். வெளியே எடுத்து அலசும் தண்ணீரில் கொஞ்சம் சைனைடும் போகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்வதில்லை. சைனைட் ஊற்றித் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டி, ஊரைச் சுற்றி நிற்கும் மணல் மேடுகளுக்கே சைனைட் மேடு என்றுதான் பெயர்.

அலசிய தண்ணீர் சாக்கடையில் இறங்கி, சந்துக்குக் கீழே இருந்த குட்டையில் சேர்ந்தது. அந்த மாசியில் குட்டை வற்றி, மிஞ்சிய தண்ணீரில் விஷம் செறிந்தது. எங்களுக்குப் பால் ஊற்றும் அக்காவின் எருமை அதைக் குடித்துவிட்டு அங்கேயே விழுந்து செத்தது.

அக்கா தெலுங்கு வீட்டுக்காரி. கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவாள். பட்டறை வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது.

"யோவ், நீ கப்புக்கு வெள்ளி பூசு, தங்கம் பூசு, நான் கேக்கல. எம் மாட்டுக்கு வெசம் வெக்க நீ யாரு?"

பட்டறைக்காரர் கைகட்டி நின்றார். "வேணும்னு பண்ணலக்கா. ப்ளீச்சிங் பவுடர் போட்டுக்கினுதான் இருந்தேன். நல்ல சரக்கு கெடைக்கல."

அது பொய்யல்ல. சைனைடை முறிக்க அவர் அதைப் போடும் நாட்களில் குளோரின் நெடியில் எங்கள் வீட்டில்கூட இருமுவோம். ஆனால் வாங்கி வைத்த பவுடருக்குச் சீக்கிரம் வீரியம் போய்விடும். போட்டோம் என்ற திருப்தி மட்டும் மிஞ்சும்.

அன்று மாலையே சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மழை தொடங்குவதற்குள் ஒரு வழி செய், இல்லாவிட்டால் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பட்டறையில் வேலை செய்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை கிடைக்காமல்தான் இங்கே வந்திருந்தார்கள்.

எண்ணெயைத் தின்னும் பொடி சைனைடைத் தின்னாதா? சைனைடும் எரியக்கூடிய பொருள்தானே? இந்தக் கேள்வியைத் துறைத் தலைவரிடம் கேட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படியை ஓடி ஏறியிருந்தேன்.

அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். எதற்கும் அவசரப்படாதவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"புத்தகத்துல சைனைட் பத்தி இருக்கா?"

"இல்லை சார்."

"அப்போ தெரியாது. பாத்தாத்தான் தெரியும். மொட்டை மாடியை எடுத்துக்கோம்மா. ஆனா ஒண்ணு. தண்ணியில எப்பவும் சுண்ணாம்பு இருக்கணும். ஆசிட் பாட்டில் அந்த மாடிக்கே வரக்கூடாது. வந்தா வாயு கிளம்பும். அதுக்கப்புறம் நீயும் இல்ல, நானும் இல்ல."

பட்டறைக்காரரிடம் போய் அலசிய தண்ணீர் ஒரு கேன் வேண்டும் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆய்வாளருக்குக் காட்டத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எதுக்கு டீச்சரம்மா?"

"வெயில்ல வெச்சுப் பாக்கறதுக்குண்ணா. எங்கப்பா கடைப் பொடியைப் போட்டு."

"பெயிண்ட்டுப் பொடியையா?" அவர் சிரித்துவிட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். கேன் கிடைத்தது.

சுண்ணாம்பு சேர்த்த அந்தத் தண்ணீரை மூன்று எனாமல் தட்டுகளில் ஊற்றினேன். ஒன்றில் பொடி போட்டு வெயிலில். ஒன்று பொடியில்லாமல் வெயிலில். மூன்றாவதில் பொடி போட்டு, மாடிப்படி அறைக்குள் இருட்டில். பொடி அடியில் தங்கிவிடாதபடி கண்ணாடிக் குச்சியால் அடிக்கடி கலக்கிவிட்டேன். மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தேன். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் மாடிதான்.

சைனைட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் முறை எளிது. சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சைனைட் இருக்கும்வரை சொட்டுகள் தண்ணீரில் தடமில்லாமல் மறைந்துகொண்டே இருக்கும். தீர்ந்த கணத்தில் தண்ணீர் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கலுக்காகத்தான் காத்திருப்பது.

மாலையில் முதலில் இருட்டில் இருந்த தட்டைப் பார்த்தேன். சொட்டுகள் மறைந்துகொண்டே இருந்தன. காலையில் இருந்த அளவே இருந்தது. பொடியில்லாத வெயில் தட்டிலும் பெரிய மாற்றமில்லை. பிறகு பொடி போட்ட வெயில் தட்டு. வடிகட்டிக் குடுவையில் எடுத்து, சொட்டு விடும் பியூரெட்டைத் திறக்கக் கைவைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தரை குலுங்கியது. எங்கள் ஊரில் அது புதிதல்ல. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை நொறுங்கினால் மேலே வீடுகள் ஒரு குலுக்குக் குலுங்கும். கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் கிணுகிணுத்தன. கை தவறிச் சில்வர் நைட்ரேட் கொட்டிவிட்டது. குடுவை முழுக்கப் பால் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. தட்டில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்பது நினைவுக்கு வரச் சிறிது நேரமாயிற்று. மறுபடி வடிகட்டினேன். இந்த முறை ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் சொட்டு விழுந்தது. தண்ணீர் கலங்கியது. கலங்கல் மறையவில்லை.

"சார்!" என்று நான் கத்தியதில் விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள்கூட ஓடிவந்தார்கள்.

துறைத் தலைவர் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தானே ஒருமுறை வடிகட்டி, தானே சொட்டு விட்டார். மறுபடியும் முதல் சொட்டிலேயே கலங்கியது. குடுவையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எல்லாத்தையும் திரும்பப் பண்ணு. வேற தட்டு, வேற பொடி. நாளைக்கும் இப்படியே வந்தா நான் உனக்கு மசால் தோசை வாங்கித் தரேன்."

மறுநாளும் அப்படியே வந்தது. தோசை சாப்பிட்டேனே தவிர அதன் ருசி மனதில் நிற்கவில்லை.

பட்டறைக்காரரை ஒப்புக்கொள்ள வைத்தது அப்பாதான். நான் சொன்னதைவிட அப்பா சொன்னது அவருக்குப் புரிந்தது. "என் கேட்டுப் பெயிண்டைத் தின்ன பொடிப்பா அது. உன் வெசத்தைத் தின்னாதா?" என்றார். கேட்டுக்காரரிடம் வாங்கிய திட்டு அவருக்கு இப்போது பெருமையாகிவிட்டிருந்தது. அந்தக் கேட்டுக்கு வேறு பெயிண்டை அவரே நின்று அடித்துக் கொடுத்ததும் அந்த வாரம்தான்.

பட்டறையின் தட்டையான கூரையில் அகலமான, ஆழமில்லாத ஒரு சிமென்ட் தொட்டி கட்டினார்கள். கீழே அலசிய தண்ணீரைக் கைப்பம்பால் மேலே ஏற்றி, சுண்ணாம்பு சேர்த்து, பொடியைக் கலந்துவிடுவது. பட்டறை ஆட்கள் மாற்றி மாற்றி மரத் துடுப்பால் துழாவுவார்கள். மாலையில் துழாவுவதை நிறுத்தினால் பொடி அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீரைச் சோதித்துப் பார்த்து வெளியே விட்டுவிட்டு, அதே பொடியில் மறுநாள் புதுத் தண்ணீரை ஏற்றலாம்.

முதல் சில நாட்கள் கோளாறில்லாமல் போயிற்று. பிறகு ஒரு மாலை நான் ஏணியில் ஏறிப் பார்த்தபோது தொட்டியின் அடி முழுவதும் கறுத்திருந்தது. பால் வெள்ளையாக இருந்த பொடி பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது.

"தூசி வுயுந்துருக்கும்" என்றார் ஒருவர். காற்றடித்தால் மேட்டு மணல் ஊரெல்லாம் பறக்கும். ஆனால் அது மணல் நிறமில்லை.

பட்டறைக்காரர் துடுப்பைக் கீழே போட்டார். "அவ்ளோதான் டீச்சரம்மா. பொடி செத்துப்போச்சு. நமக்கு எதுவும் ஒத்துவராது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கறுத்த பொடிக்குள் வெயில் எப்படி இறங்கும்? ஒரு கரண்டி வழித்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வழியெல்லாம் மனம் அதிலேயே உழன்றது. வெறும் தண்ணீரில் கறுக்காதது இந்தத் தண்ணீரில் நாள்படக் கறுக்கிறது. இந்தத் தண்ணீரில் சைனைடைத் தவிர என்ன இருக்கிறது? கல்லூரி வாசலில் கால் நின்றுவிட்டது. வெள்ளி! வெள்ளியைக் கரைத்துப் பிடித்து வைத்திருந்ததே சைனைட்தான். அதைத் தின்றுவிட்டால் வெள்ளி எங்கே போகும்?

பொடியைப் பலமுறை கழுவி, சைனைட் துளிகூட இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, புகையை வெளியே இழுக்கும் காற்றுப்போக்கி அலமாரிக்குள் வைத்து நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினேன். பொடி மறுபடி வெளுத்து அடியில் தங்கியது. மேலே தெளிந்த நீரை வேறு குழாயில் ஊற்றி, சாப்பாட்டு உப்புக் கரைசலை விட்டேன். பால் திரிந்தாற்போல் வெள்ளைக் கட்டிகள் குழாயை நிறைத்தன. ஜன்னலோரம் வைத்ததும் அந்த வெள்ளை மெல்ல ஊதாவாக மாறத் தொடங்கியது. வெள்ளியைத் தவிர வேறெதுவும் அப்படிச் செய்யாது.

குழாயைக் கையில் பிடித்தபடி கடைவீதி வழியாக ஓடினேன். சேலை கட்டிக்கொண்டு ஒரு டீச்சர் ஓடுவதைப் பார்த்து ஆட்கள் வழிவிட்டார்கள். யார் வீட்டிலோ ஏதோ விபரீதம் என்று நினைத்திருப்பார்கள்.

"அண்ணா, உங்க வெள்ளி!"

பட்டறைக்காரர் குழாயை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"சாக்கடையில போன வெள்ளியா?"

"ஆமாண்ணா. பொடி புடிச்சு வெச்சுருக்கு."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, பட்டறைக்குள் பார்த்துக் கூவினார். "டேய், எவனாவது அந்தத் தொட்டியில எச்சி துப்புனீங்க, கைய ஒடிச்சுடுவேன்!"

அன்றிலிருந்து கூரைக்கு ஏணி வைக்க நான் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நான் வருவதற்கு முன்பே துடுப்பு ஓடிக்கொண்டிருக்கும். கறுத்த பொடி செத்துவிடவில்லை என்பதும் தெரிந்தது. கொஞ்சம் வெள்ளி ஏறிய பொடி முன்பைவிடச் சுறுசுறுப்பாகவே வேலை செய்தது. அது ஏன் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. தெரிந்துகொள்ள இன்னும் இருக்கிறதே!

சித்திரை முடியும் சமயம் ஆய்வாளர் மறுபடி வந்தார். நான் சோதனைக் குழாய்களை வரிசையாகக் காட்டினேன். அவர் தலையாட்டினார். ஆனால் பால்கார அக்கா அசையவில்லை. அவள் வந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் அழைத்திருந்தேன்.

"பாப்பா, நீ தண்ணிய கலக்கிக் காட்டற, தெளிய வெச்சுக் காட்டற. எனக்கு இன்னா தெரியும்? அதுல மீனை வுட்டுக் காட்டு. மீன் பொழைச்சா நான் வாய மூடிக்கிறேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சைனைடுக்கு மீனைப் போலப் பயப்படும் உயிர் வேறில்லை. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து மீன் கொண்டுவருபவரிடம் சொல்லி, உயிரோடு கெண்டைக் குஞ்சுகள் வாங்கினோம். மறுநாள் சந்து முழுக்கக் கூட்டம். ஒரு கண்ணாடித் தொட்டியில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் குஞ்சுகளை விட்டோம்.

குழாய்த் தண்ணீரில் அவை நீந்தின. எங்கள் தண்ணீரில் விட்டவை துள்ளின, சுற்றின, பிறகு வயிற்றைக் காட்டி மிதந்தன.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்ட முகமில்லை அது. அவளும் மீன் பிழைக்க வேண்டும் என்றுதான் நின்றிருக்கிறாள். ஆய்வாளர் என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார். "இந்த வாரம் வரைக்கும் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நான் சாப்பிடவில்லை. சோதனை பொய் சொல்லாது. சைனைட் இல்லை. பிறகு எது கொன்றது? அப்பா கைகழுவிக்கொண்டே அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தார். சுண்ணாம்பு அடிக்கிறவர்களுக்குக் கை வெந்துபோவதைப் பற்றி, இன்று கடைக்கு வந்த ஒருவனின் விரலைப் பற்றி. நான் சட்டென்று நிமிர்ந்தேன்.

சுண்ணாம்பு! வாயு கிளம்பாமல் இருக்க நாங்கள் போட்ட சுண்ணாம்பு அப்படியே அந்தத் தண்ணீரில் இருந்தது. மனிதன் விரலையே வேக வைக்கும் காரத்தில் குஞ்சு மீன் எப்படிப் பிழைக்கும்?

காலையில் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஆசிட் பாட்டிலைத் தானே எடுத்து வந்தார். "சைனைட் இல்லைன்னு முதல்ல என் கண் முன்னாடி காட்டு" என்றார். காட்டினேன். பிறகுதான் மூடியைத் திறந்தார். லிட்மஸ் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நீர்த்த அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, காரம் போகும்வரை இருவரும் நின்றோம். பக்கத்தில் இன்னொரு தொட்டியில் வெறும் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் விட்ட குஞ்சு செத்தது. சரி செய்த தண்ணீரில் விட்டது நீந்தியது. மத்தியானம் நீந்தியது. சாயங்காலமும் நீந்தியது. நான் அன்று வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால் தெரியாது.

இரண்டாம் முறை பட்டறை வாசலில் தொட்டியை வைத்தபோது கூட்டம் முன்பைவிட அதிகம். குஞ்சுகள் நீந்த நீந்த யாரும் நகரவில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்கூட டிபன் டப்பாவோடு நின்று பார்த்தார்கள். அக்கா தொட்டியருகே குந்தி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அடேய், துன்றதுக்கு ஏதாவது போடுங்கடா. பசியில செத்துத் தொலைக்கப் போவுது" என்றாள் கடைசியில். யாரோ பொரி கொண்டுவந்தார்கள். மீன்கள் மேலே வந்து பொரியைக் கொத்தியபோது சந்தில் எழுந்த சத்தம், கால்பந்து மைதானத்தில் கோல் விழுந்தால் எழுமே, அந்தச் சத்தம்தான். பட்டறைக்காரர் அக்காவிடம் போய், ஒரு நல்ல கன்று வாங்கிவந்து கட்டுவதாகச் சொன்னார். சொன்னபடி கட்டினார்.

பட்டறை பூட்டப்படவில்லை. காரத்தையும் போக்கிய பிறகே தண்ணீரைச் சாக்கடையில் விட்டார்கள். மேகம் போட்ட நாட்களில் தண்ணீரைப் பீப்பாய்களில் தேக்கி வைத்து, வெயில் வந்ததும் ஏற்றினார்கள். அடைமழைக் காலத்தில் பீப்பாய் நிறைந்து முலாம் வேலையையே நிறுத்தி வைத்ததும் உண்டு. அது ஒரு குறைதான், அதை நாங்கள் மறைக்கவில்லை. எவர்சில்வர் கோப்பைகள் வந்து வெள்ளி முலாம் கேட்பார் இல்லாமல் போகும்வரை அந்தத் தொட்டி பல வருடங்கள் வேலை செய்தது.

ஆனால் எனக்கு அந்தக் கோடையில் மறக்க முடியாதது அதற்குப் பின் நடந்தது. துறைத் தலைவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயிலில், மடியில் கறுப்புப் பொடிப் பாட்டிலோடு போனேன். பேச்சு முடிந்ததும் பெரியவர்கள் சிலர் நல்லது என்றார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அங்கே ஆராய்ச்சி மாணவி. அவள் கன்னடத்தில் கேட்டாள், துடுப்புப் போடாவிட்டால் வேலை குறைகிறது என்றீர்களே, பொடி அடியில் தங்குவதால் மட்டும்தானா, அல்லது தண்ணீருக்குக் காற்று போதவில்லையா?

தெரியாது, ஆனால் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். இருவரும் தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்ததில் கடைசி ரயில் போய்விடும் போலிருந்தது. திரும்பும் வழியெல்லாம் என்னால் உட்கார முடியவில்லை. பெயிண்ட் கடையில் ஸ்ப்ரே அடிக்கக் காற்றழுத்தப் பம்பு இருக்கிறது. மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பா கடையைத் திறக்காமல் பம்பைத் தோளில் சுமந்து ஏணி ஏறினார். நெடுகத் துளையிட்ட ரப்பர் குழாயைத் தொட்டியின் அடியில் பரப்பினோம். பம்பு உறுமியது. கறுப்புத் தண்ணீர் முழுவதும் குமிழ்கள் பொங்கின. துடுப்புக்கு வேலையே இல்லை. நான் சற்றைக்கொருதரம் எடுத்துச் சோதித்தேன். மாலைவரை ஆகும் வேலை. சுரங்கத்தின் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் என் கையிலிருந்த குடுவை முதல் சொட்டிலேயே கலங்கி நின்றது.

"இன்னாம்மா, முடிஞ்சிச்சா?" என்றார் அப்பா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"முடிஞ்சிடுச்சுப்பா."

"அதுக்குள்ளயா?" என்றவர் குடுவையை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "அப்போ இன்னொரு தொட்டி தண்ணி ஏத்தட்டா?"

கீழே எட்டிப் பார்த்து, தண்ணீர் ஏற்றும் கைப்பம்பை அடிக்க ஆள் வரச் சொல்லிக் கத்தினேன்.